நடுவில் இருந்த ஒரு பக்கம்

அத்தியாயம் 14

போன வாரம் டாக்டர் அறையில் மூன்று பேரை உட்கார வைத்துவிட்டு நான் பாட்டுக்கு எழுந்து வந்துவிட்டேன். அவர்கள் பிறகு வீட்டுக்குப் போனார்கள், சாப்பிட்டதாகப் பேர் பண்ணினார்கள், படுத்தார்கள். இன்று சனிக்கிழமை காலை.

இந்த வாரம்தான் புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி. டீச்சருக்கு ஐம்பத்தாறு வயது, எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார், சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் பன்னிரண்டு மில்லிமீட்டரில் ஒரு புள்ளி இருப்பதாக இந்த மாத ஸ்கேன் சொல்கிறது. அந்தப் புள்ளி பல வருஷமாகவே ஏறத்தாழ இதே அளவில் இருக்கிறது என்று காட்ட முடிந்தால் அதை அதன் போக்கில் விட்டுவிடலாம், வருஷத்துக்கு ஒரு தரம் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர். காட்ட முடியாவிட்டால் திங்கட்கிழமை ஆபரேஷன். ஆஸ்துமாக்காரிக்கு நுரையீரலில் கத்தி வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஸ்கேன் எடுத்தது டீச்சருக்கு ஞாபகம் வந்தது. எடுத்த இடம் மூடிப்போய்விட்டது. ஆனால் அவர்கள் கொடுத்த சி.டி. வீட்டில் இருந்தது.

"அப்போ ஒண்ணுமே இல்லைன்னுதான் சொன்னாங்க டாக்டர். என் தம்பிதான் போய் ரிப்போர்ட் வாங்கிட்டு வந்தான்" என்று டீச்சர் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். பக்கத்து நாற்காலியில் இருந்தவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது அவர்கள் கவனிக்காமல் விட்டிருக்கலாம், சி.டி.யைக் கொண்டுவாருங்கள், படம் கிடைக்காவிட்டால் அளவு போட்டு எழுதின ரிப்போர்ட்டாவது வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

அந்தத் தம்பியைத்தான் வீட்டில் எல்லோரும் மெக்கானிக் என்பார்கள். பத்து வயதில் வீட்டு ரேடியோவைப் பிரித்துப்போட்டு, மறுபடி மாட்டத் தெரியாமல் முழித்தபோது அக்கா வைத்த பெயர். இன்றைக்கு அவன் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். கீறல் விழுந்த சி.டி., உயிரை விட்ட ஹார்ட் டிஸ்க், துணியோடு துவைபட்ட மெமரி கார்டு, இவற்றிலிருந்து உள்ளே இருப்பதை எடுத்துக் கொடுக்கிறான்.

அவன் ஏன் தரையைப் பார்த்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷத்துக்கு முன் அந்த ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தவன் அவன் ஒருவன்தான். அதில் ஒரு புள்ளி இருந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கவும் என்று எழுதியிருந்தது. அப்போது அக்கா மகள் பாப்பாவின் கல்யாணத்துக்குப் பத்தே நாள் இருந்தது. கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து, "ஒண்ணுமில்லைக்கா, வெறும் சளிதானாம்" என்று சி.டி.யை மட்டும் கையில் கொடுத்தான். கல்யாணம் முடிந்தது. அவன் சொல்லவில்லை. அந்தத் தாளைக் கிழித்தானா, எங்காவது செருகி வைத்தானா என்பது இன்றைக்கு அவனுக்கே தெரியாது. புள்ளி எத்தனை பெரிது என்று போட்டிருந்தது என்பதும் ஞாபகமில்லை.

ஞாபகம் இருப்பதெல்லாம் இருமல்தான். எட்டு வருஷமாக அக்கா எப்போது இருமினாலும் இவன் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, அது அடங்குகிறவரை எண்ணிக்கொண்டிருப்பான்.

*

கடையைத் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அத்தான் வந்து நின்றார்.

டீச்சரின் வீட்டுக்காரர் மருந்துக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கிடங்கு அவரை விட்டாலும் அவர் கிடங்கை விடவில்லை. வீட்டில் உப்புக்கும் சர்க்கரைக்கும் மட்டுமல்ல, ஸ்விட்சுகளுக்கும் லேபிள் ஒட்டியிருப்பார். குடையில் 'குடை' என்று ஒட்டியிருக்கும். ஒரு நாள் டீச்சரின் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் 'டீச்சர்' என்று ஒட்டப்போக, மறந்துடுவீங்கன்னு பயமா இருந்தா என் நெத்தியிலயே ஒட்டிடுங்க என்று டீச்சர் சொன்னதாகக் கேள்வி.

இப்போதும் சி.டி. ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தது. பெட்டியில் லேபிள், பெட்டிக்குள் உறையில் லேபிள், சி.டி.யின் மேல் வட்டமாக ஒரு லேபிள். 'டீச்சர், மார்பு ஸ்கேன், வரிசை எண் 41' என்று டைப் அடித்திருந்தது. நாற்பது வரை என்னென்ன என்று மெக்கானிக் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்வார்.

அவன் சி.டி.யை ஓரம் பிடித்து எடுத்து, மின்னுகிற பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தான். மயிரிழைக் கீறல்கள் நிறைய இருந்தன. ஒன்று மட்டும் நீளமாக, வட்டத்தை ஒட்டியே வளைந்து போயிருந்தது. குறுக்கே விழுந்த கீறலை மெஷின் தாண்டிப் போய்விடும், கூடவே ஓடுகிற கீறல்தான் தொல்லை. ஆனாலும் தேய்த்தால் சரியாகும்.

பிறகுதான் அதைப் பார்த்தான். வெளி ஓரத்தில் ஆரம்பித்து உள்பக்கமாகக் கூராகப் போகிற ஒரு முக்கோணம் மின்னவில்லை. அந்த இடத்தில் பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி இருந்தது. அதன் வழியே லேபிளின் அடிப்பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது.

"அத்தான், இந்த லேபிள் எப்ப ஒட்டினது?"

"வீடு மாறினப்போ. அஞ்சு வருஷம் இருக்கும். முன்னாடி கையால எழுதினது இருந்துச்சு. புது வீட்டுக்கு எல்லாத்தையும் டைப் அடிச்சு மாத்தினேன்ல."

"பழசை என்ன பண்ணீங்க?"

"உரிச்சேன். கொஞ்சம் அடம் பிடிச்சுது. ஒரு ஓரம் மட்டும் வந்துச்சு, மீதி வரலை. சரின்னு அது மேலயே புதுசை ஒட்டிட்டேன்." அவர் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார். "ஏன், கோணலா இருக்கா?"

சி.டி.யில் மின்னுகிற பக்கம்தான் முக்கியம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்தப் பக்கம் தடிமனான பிளாஸ்டிக்தான் இருக்கிறது. உயிர் இருப்பது பேர் எழுதுகிற மேல் பக்கத்தில். மெல்லிசாக ஒரு வெள்ளிப் பூச்சு, அதைக் காப்பாற்ற நகப்பூச்சு கனத்துக்கு இன்னொரு பூச்சு, அவ்வளவுதான். அதில் பசை போட்டு ஒட்டியதைப் பிடித்து இழுத்தால் பசையோடு பூச்சும், பூச்சோடு உள்ளே எழுதியிருப்பதும் கிளம்பி வந்துவிடும். கீறலைத் தேய்க்கலாம். இல்லாததைத் தேய்த்து என்ன வரும்? புது லேபிளை எடுக்கவும் பயம், அது இன்னும் எவ்வளவை வாரிக்கொண்டு வருமோ.

முதலில் மெக்கானிக்குக்கு வந்தது நிம்மதி. இதை எழுத எனக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் நடந்தது அதுதான். சி.டி. படிக்காது, அதோடு எல்லாம் போயிற்று, எட்டு வருஷப் பொய்யும் அதோடு சேர்ந்து போகும் என்று ஒரு மூச்சு இழுத்து விட்டான். மறு மூச்சு வருவதற்குள் அக்கா திங்கட்கிழமை ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கப்போவது கண்முன் வந்தது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கொஞ்சம் நேரமாகும் அத்தான், பார்க்கலாம் என்று மட்டும் சொன்னான்.

*

ஈரத் துணியால் மின்னுகிற பக்கத்தை மட்டும் துடைத்தான். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், சுற்றிச் சுற்றித் துடைத்தால் துணியே புதுக் கீறல் போடும். பிறகு தேய்க்கிற மெஷினில் வைத்து, நீளக் கீறல் மங்குகிறவரை பொறுமையாகத் தேய்த்தான். அத்தான் வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்து, அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சி.டி. உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது. முதலில் எழுதியது நடுத் துளையை ஒட்டி இருக்கும், கடைசியில் எழுதியது வெளிப்பக்கம். கிழிந்த முக்கோணமோ வெளியே அகலம், உள்ளே போகப் போக ஒல்லி. நூல் கனத்துக்குப் பூச்சு போயிருந்தால் மெஷின் தானே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். அதற்கு மேல் அகலமானால் கையை விரித்துவிடும். ஆகவே எது எந்த வரிசையில் எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருந்தது.

சி.டி.யைக் கம்ப்யூட்டர் டிரைவில் போட்டான், அது சுழன்றது. திரையில் பட்டியல் வந்தது. மொத்தம் அறுநூற்றுப் பத்துப் படங்கள், கழுத்திலிருந்து கீழ்நோக்கி வரிசையாக. எல்லாவற்றுக்கும் முன்னால், நடுத் துளைக்கு மிகப் பக்கத்தில், ஒரு பக்க ரிப்போர்ட்.

மெக்கானிக் திரையைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டான். அவனுக்கு ரிப்போர்ட் சி.டி.யிலும் இருக்கும் என்பதே தெரியாது. தாளில் கொடுத்தது மட்டும்தான் என்று நினைத்திருந்தான். ஊரார் சி.டி.யையெல்லாம் திறந்து பார்க்கிறவன் அக்காவின் சி.டி.யை ஒரு தரம்கூடத் திறந்து பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை என்பதுதான் நிஜம்.

அத்தான் டீச்சருக்கு போன் பண்ணிச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று வாசலுக்குப் போனார். அந்த இரண்டு நிமிஷத்தில் அவன் அதைத் திறந்தான். எந்தத் தடங்கலும் இல்லாமல் திறந்துகொண்டது.

வலது நுரையீரல், கீழ்ப்பகுதி. பதினோரு மில்லிமீட்டரில் ஒரு புள்ளி. ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுக்கவும்.

அன்றைக்குப் பதினொன்று, இன்றைக்குப் பன்னிரண்டு. எட்டு வருஷத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர். அக்காவுக்கு ஒன்றும் ஆகாது, கத்தியும் வேண்டாம் என்று அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்ட அதே கையால் அந்த ரிப்போர்ட்டை நகர்த்தி, தன் சொந்தக் கணக்குகள் இருக்கும் இடத்தில் ஒளித்து வைத்தான்.

அவன் கணக்கு இப்படி. எல்லாப் படமும் வந்துவிட்டால் ரிப்போர்ட்டே தேவையில்லை. டாக்டரே படத்தில் அளந்துகொள்வார். புள்ளி அன்றைக்கும் இருந்திருக்கிறது, எடுத்தவர்கள்தான் கவனிக்கவில்லை என்று ஆகிவிடும். மூடிப்போன இடத்தில் போய் யார் கேட்கப்போகிறார்கள்? அக்காவும் பிழைப்பாள், இவன் முகமும் பிழைக்கும். எவ்வளவு அழகாகப் பூசி மெழுகுகிறான் பாருங்கள்.

*

அன்று காலை அவன் வேலை செய்ததைப் போல அந்தக் கடையில் என்றைக்கும் செய்ததில்லை. பசி தெரியவில்லை. வந்த இரண்டு பேரை அப்புறம் வரச் சொல்லி அனுப்பினான்.

திரையில் கட்டம் கட்டமாக நிரம்பிக்கொண்டு வந்தது. படித்த இடம் பச்சை, படிக்காத இடம் சிவப்பு. நூறு, இருநூறு, முன்னூறு என்று பச்சையாகவே போனது. புது ஸ்கேனை அத்தான் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், புள்ளி பழைய சி.டி.யில் நானூற்று எழுபதாவது படத்தை ஒட்டி வரவேண்டும் என்று தெரிந்தது.

நானூற்று முப்பத்தொன்றில் முதல் சிவப்பு விழுந்தது. அப்புறம் வரிசையாகச் சிவப்பு.

அலமாரியிலிருந்து இன்னொரு டிரைவை இறக்கி மாட்டினான். அது நானூற்று முப்பத்தாறோடு நின்றது. கடைசியாக, இருப்பதிலேயே பழசான, ஆமை வேகத்தில் ஓடுகிற டிரைவைப் போட்டான். மற்றவை கைவிட்டதை அது எத்தனையோ தடவை எடுத்துக் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அது முக்கி முனகி, முன்னே போய்ப் பின்னே வந்து, மத்தியானம் இரண்டு மணிக்கு நானூற்று நாற்பத்தெட்டில் நின்றது. நானூற்று நாற்பத்தெட்டாவது படத்தில் நுரையீரல் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. புள்ளி இன்னும் கீழே இருக்கிறது. அந்த இடத்துப் பூச்சோ பழைய லேபிளின் முதுகில் ஒட்டிக்கொண்டு ஐந்து வருஷத்துக்கு முன்பே குப்பைக்குப் போயாகிவிட்டது.

இன்னும் இருபத்திரண்டு படம் வந்திருந்தால் போதும். வரவில்லை.

"என்ன ஆச்சு?" என்று அத்தான் கேட்டார். மெக்கானிக் மறைக்காமல் சொன்னான். அதாவது, லேபிளைப் பற்றியதை மறைக்காமல் சொன்னான். பூச்சு எப்படிக் கிளம்பி வரும், எந்த இடத்தில் வந்திருக்கிறது, அந்த இடத்தில் என்ன இருந்தது எல்லாம் விளக்கினான்.

அவர் சி.டி.யைக் கையில் வாங்கி, அவன் காட்டியபடி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தான் டைப் அடித்த காகிதத்தின் முதுகு அந்த முக்கோணத்தில் தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் லேபிள் கட்டை எடுத்து, ஸ்டூலுக்குப் பக்கத்தில் இருந்த குப்பைக் கூடையில் போட்டார்.

"நான்தான் அவளைக் கொண்டுபோய்க் கத்திக்குக் கொடுக்கறேன், இல்லையா?" என்று கேட்டார்.

அந்த மனுஷர் பெண்டாட்டியின் ஸ்கேனுக்கு வரிசை எண் போட்டதைத் தவிர ஒரு குற்றமும் செய்யாதவர். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழும்போதும் சத்தம் வரக் கூடாது என்று பார்த்துக்கொண்டார். திரையைத் திருப்பி வைத்து ஒரு பொத்தானை அமுக்கினால் அவர் அழுகை நின்றுவிடும். மெக்கானிக் அமுக்கவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, அதே சமயம் பாவமாகவும் இருக்கிறது.

*

மூன்று மணிக்கு டீச்சர் வந்தார். சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடித்து நேராக வந்திருந்தார். விரல்களில் சாக்பீஸ் தூள் இருந்தது. மாடிப்படி ஏறிய இரைப்பு அடங்க, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார்.

வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு முடிவு புரிந்துவிட்டது. சி.டி. என்ன ஆயிற்று, யாரால் ஆயிற்று என்பதைக் கேட்டுக்கொண்டார். கோபப்படுவார் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள். அவர் சிரித்தார். முப்பது வருஷமா எதை எதையோ ஒட்டி வச்சதுல ஒண்ணே ஒண்ணுதானே தப்பாப்போச்சு, நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது மார்க் போடலாம் என்றார். அத்தான் சிரிக்க முயன்று மறுபடி அழுதார். டீச்சர் அவர் தோளில் கை வைத்தபடியே, திங்கட்கிழமைக்கு என்னென்ன எடுத்துவைக்க வேண்டும், எந்த வகுப்பை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

சொல்லிக்கொண்டே வந்தவர் தம்பி பக்கம் திரும்பினார்.

"நீ ஏன்டா இப்படி உட்கார்ந்திருக்கே? காலையிலேர்ந்து சாப்பிடக்கூட இல்லையாம். உன்னால முடிஞ்சதையெல்லாம் பண்ணிட்டே, விடு."

அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் தாங்கிக்கொண்டிருப்பான். இப்படிச் சொன்னதுதான் தாங்கவில்லை. அவன் எழுந்து, ஒளித்து வைத்ததை எடுத்துத் திறந்து, திரையை அவர்கள் பக்கம் திருப்பினான்.

"எல்லாத்தையும் பண்ணலைக்கா. இது காலையிலயே வந்துடுச்சு. நான்தான் காட்டலை."

அத்தான்தான் முதலில் படித்தார். வாய்விட்டுப் படித்தார். பதினொன்று என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி படித்தார். அளவு போட்ட ரிப்போர்ட் இருந்தால் போதும் என்று டாக்டர் சொன்னாரே, அப்படியென்றால் ஆபரேஷன் வேண்டாம்தானே என்று மாறி மாறி இரண்டு பேரையும் கேட்டார். எழுந்து நின்றுவிட்டார். பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் இது எப்படி வந்தது, ஏன் மறைத்தான் என்பதெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை.

டீச்சர் படித்தது மெதுவாக. கணக்கு வாத்தியார்கள் விடைத்தாளைப் படிப்பது போல, விடையைப் பார்த்துவிட்டு மேலே போய் ஒவ்வொரு வரியாக வந்தார். தேதியில் நின்றார்.

"இதை நீ அன்னிக்கே படிச்சியா?"

"படிச்சேன்."

"படிச்சுட்டு, சளின்னு சொன்னே."

"கல்யாணத்துக்குப் பத்து நாள்தான்க்கா இருந்துச்சு. எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. சொன்னா நீ உடைஞ்சு போயிடுவே, பாப்பா கல்யாணம் நின்னுடும்னு பயந்தேன். முடிஞ்சதும் சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்புறம், அப்புறம்னு..." எட்டு வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது வெறும் நாலு வரியில் முடிந்துவிட்டது. மன்னிச்சுடுக்கா என்று சொன்னான், அது அவன் காதுக்கே சப்பைக்கட்டாகத்தான் கேட்டது.

அத்தானுக்கு இப்போதுதான் உறைக்க ஆரம்பித்தது. ஆனாலும் அவர் நல்ல மனுஷர். அதுதான் ஒன்றும் ஆகவில்லையே, வளரவில்லையே, நல்லவேளை என்று சொல்லப்போனார். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வளரலைன்னு இன்னிக்குத் தெரியும். அன்னிக்கு இவனுக்குத் தெரியாது. அடுத்த வருஷமும் தெரியாது. தெரியாமதான் எட்டு வருஷம் என் வீட்டுல வந்து உட்கார்ந்து சாப்பிட்டுட்டுப் போயிருக்கான்."

மெக்கானிக் தலையைத் தூக்கவில்லை. திட்டிவிடட்டும், இதோடு முடியட்டும் என்று காத்திருந்தான். டீச்சர் திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, சாக்பீஸ் தூள் விரலால் மேஜை மேல் தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டிருந்தார். ஸ்கேன் எடுத்த தேதி. கல்யாணத் தேதி. அதற்குக் கீழே இன்னொரு தேதி எழுதி, அதில் விரலை வைத்தபடி அப்படியே இருந்தார்.

"நீ சொல்லியிருந்தா நான் உடைஞ்சு போயிருக்க மாட்டேன்டா" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "கல்யாணம் நின்னும் போயிருக்காது. தள்ளிப்போட்டிருப்பேன். இதுல ஆறு மாசம்னு எழுதியிருக்கு. அடுத்த ஸ்கேன் வரட்டும், உடம்பு சரியில்லை, ஆறு மாசம் பொறுங்கன்னு சம்பந்தி வீட்டுல கேட்டிருப்பேன்."

ஆறு மாதம் என்றதும் அத்தான் சட்டென்று நிமிர்ந்தார்.

கல்யாணமான நாலாவது மாதம் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வாசலில் வந்து நின்றதை இந்தக் கதையை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. பாப்பா அன்றைக்கே ஒற்றைப் பெட்டியோடு அம்மா வீட்டுக்கு வந்தாள். வந்தவள் அதன் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை, யார் கூப்பிட்டாலும் வேலை இருக்கிறது என்பாள். மூன்றாவதாக டீச்சர் எழுதியது அந்தப் பெண் வந்து நின்ற நாள்.

"நாலாவது மாசம்" என்றார் டீச்சர். "நாம தேதியைத் தள்ளிப்போட்டிருந்தா, அந்தப் பொண்ணு வந்து நின்னப்போ பாப்பா கழுத்து வெறுமையா இருந்திருக்கும். விஷயம் தெரிஞ்சு, அவனை விரட்டிட்டு, எங்கயாவது நிம்மதியா இருந்திருப்பா."

மெக்கானிக்குக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது அந்த மூன்று தேதிகளையும் மேலிருந்து கீழே மறுபடி படித்தான். எட்டு வருஷமாக அவன் பயந்ததெல்லாம் அக்காவின் நெஞ்சுக்குள் இருக்கும் புள்ளியைப் பற்றி. அது பாவம், ஒரு ஓரமாக, யாருக்கும் கெடுதல் பண்ணாமல் இருந்திருக்கிறது. அவன் வாய் மூடியிருந்ததால் பாழானது வேறு ஒருத்தியின் வாழ்க்கை. அந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றத்தான் வாயை மூடினான். அவளை மடியில் வைத்து வளர்த்தவன் அவன். மாமா என்றால் அவளுக்கு உயிர்.

"என் உடம்பைப் பத்தி நீ முடிவெடுத்தே, அது போகட்டும்" என்று டீச்சர் சொன்னார். "அவளுக்கும் சேர்த்து முடிவெடுத்திருக்கே."

அப்போது டீச்சரின் கைப்பையில் போன் அடித்தது. பாப்பாதான். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறவள், இடையில் பேச முடியாது, மூன்றரை மணி இடைவேளைக்காகக் காலையிலிருந்து காத்திருந்திருக்கிறாள். டீச்சர் பெயரைப் பார்த்தார். எடுத்துப் பேசவில்லை. பச்சைப் பொத்தானை அழுத்தித் தம்பியிடம் நீட்டினார்.

"நீயே சொல்லு."

அவன் வாங்கிக் காதில் வைத்தான்.

"அம்மா, சி.டி. ஓபன் ஆச்சா?"

"நான்தான் பாப்பா."

"மாமா, நீங்களா? சொல்லுங்க மாமா, என்னாச்சு?"

ரிப்போர்ட் கிடைத்துவிட்டது, புள்ளி வளரவில்லை, ஆபரேஷன் அநேகமாக வேண்டாம் என்று அவன் சொன்னான். பாப்பா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத மாதிரி ஏதோ கேட்டது. பக்கத்தில் யாரிடமோ, எங்க மாமா எடுத்துக் கொடுத்துட்டாரு என்று சொன்னாள்.

"உங்களாலதான் மாமா. நீங்க இல்லாட்டி எங்களுக்கு யாரு இருக்கா?"

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தான். அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா" என்றான். "இன்னொரு விஷயம் இருக்கு. கொஞ்சம் உட்கார்ந்துக்கோ."